தாட்டு

முதலாவது, கக்கூஸ் டோக்கன். எழுபத்தாறாம் வருஷம் மெஷின் ஷாப்பில் நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டே தகர டோக்கன். போனவன் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவன் மெஷினை விட்டு நகரலாம். இரண்டாவது, எழுபத்தொன்பதில், அந்த இரண்டு டோக்கனையும் கழற்றி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்ததற்காக மூன்று பேரைச் சஸ்பெண்ட் செய்தது. மூன்றாவது, எண்பத்து நாலில், அறுபத்தொரு நாள் கதவடைப்பு முடிந்து கேட்டைத் திறந்தபோது மற்ற எல்லாரையும் உள்ளே விட்டுப் பதினோரு பேரை மட்டும் வெளியே நிறுத்தியது. நான்காவது, எண்பத்தெட்டில், கேட்டுக்கு நான்கடி உள்ளே நின்று துண்டறிக்கை கொடுத்தார் என்று ஆறுக்குட்டியை வேலையைவிட்டு நீக்கியது. அந்த நான்கடியை டேப் பிடித்து அளந்து வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள். ஐந்தாவது, லேபர் கோர்ட்டில் ஏழு வருஷம் இழுத்தடித்துத் தோற்ற பிறகும், 'பொருத்தமான வேலையில் மீண்டும் அமர்த்துக' என்று தீர்ப்பில் வந்த அந்தப் 'பொருத்தமான' என்கிற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பழைய லேத் மெஷினுக்கு அனுப்பாமல் பாலோ-அப் கிளார்க் ஆக்கியது. நிர்வாகம் செய்த அநியாயங்களின் இந்த வரிசை மாறக் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சங்கத்து நோட்டீசும் துண்டறிக்கையும் சிறு வெளியீடுகளும்தான் என்பதால், எதையும் எண் போட்டு அடுக்கினால்தான் ஆறுக்குட்டிக்குப் புரியும்; எண் போட்ட பிறகு யாராலும் அவரை அசைக்க முடியாது. ஆனால் பத்தொன்பது நாளாக ஆறாவதில் வந்து நின்றுவிடுகிறார். ஆறாவது, பிரஸ் ஷாப்பில் மயிலாத்தாளின் வலது கையில் இரண்டு விரல் போனது. போனதில் சந்தேகமில்லை, தேதி நேரம் எல்லாம் உண்டு. மேலே உள்ள ஐந்துக்கும் 'நிர்வாகம்' என்று தொடங்கினால் போதும், மிச்ச வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு எப்படித் தொடங்குவது?

ஒன்றரை மணி. சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகி எழுந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு ஆபீஸ் மாடியில் உள்விசாரணை. குற்றச்சாட்டு மயிலாத்தாள் மேல்: கைப் பொத்தானில் ஓட்டவேண்டிய பிரஸ்ஸைத் தன் இஷ்டத்துக்குக் கால் மிதிக்கு மாற்றி ஓட்டினாள், அதனால் விபத்து. நிரூபித்துவிட்டால் வேலை போய்விடும். விரல் போனதற்குத் தண்டனையாக வேலையும் போகும். நிர்வாகத் தரப்பில் இரண்டு சாட்சி, இரண்டாவது சாட்சி ஆறுக்குட்டி. நிர்வாகத் தரப்பு. அந்தக் கடிதத்தை வாங்கியபோது இந்த வார்த்தைகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதே மூன்று மணிக்குள் டிஸ்பாட்சில் நிற்கிற கன்டெய்னர் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அறுநூற்று நாற்பது பம்ப்செட், ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்கு, நாளைக் காலை தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கை முடித்துவிடுவார்கள். அதில் இன்னும் நாற்பது பெட்டி வரவில்லை. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கிய கம்பெனி செல்போன் அடித்தது. "ஆறுக்குட்டி, நாப்பது எங்கீங்க?" என்றது புரொடக்சன் மேனேஜர் ஞானசேகரின் குரல். "பெயிண்ட் காஞ்சுட்டிருக்குதுங் சார்." "காயறவரைக்கும் கப்பல் நிக்குமா?" "அரை மணியில வந்துருங்." "அப்புறம், மூணு மணி ஞாபகம் இருக்குதல்ல? சொன்ன மாதிரியே சொல்லிப்போடுங்க, ரெண்டு நிமிஷ வேலை." ஆறுக்குட்டி செல்போனைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பெயிண்ட் ஷெட்டைப் பார்த்து நடந்தார். கால் தானாக வேகமெடுத்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு கப்பலைக்கூட அவர் விட்டதில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் தனக்குள் சொல்லிக்கொள்ளாத நாளும் இல்லை.

பாலோ-அப் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டபோது, மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஓடுகிற வேலை என்று சொன்னார். எந்த லாட் எந்தப் பகுதியில் தேங்கி நிற்கிறது, யார் வராததால் நிற்கிறது, எதை முன்னால் விட்டால் எது பின்னால் போகும், எல்லாம் பார்த்து, அவசரமான ட்ரேயில் மஞ்சள் சீட்டு ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டிவிட வேண்டும். சீட்டு கட்டிய ட்ரே வரிசையை மீறிப் போகும். அந்தச் சீட்டைப் பார்த்ததும் பசங்கள் "அண்ணன் கல்யாணப் பத்திரிக்கை வெச்சுட்டாருடோய், போகாம இருந்தா மொறையா?" என்பார்கள். அது சிரிப்பு. பெயிண்ட் ஷெட் ராக்கியப்பன் சொன்னது வேறு. எண்பத்து நாலில் வெளியே நின்ற பதினோரு பேரில் அவனும் ஒருத்தன், மூன்று வருஷம் கழித்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவன். "தோழர் கடசீல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாருப்பா" என்றான், முதல் நாளே, எல்லாரும் கேட்க. திவாலானவன் கொடுப்பது மஞ்சள் கடுதாசி. கையெழுத்துப் போட்டவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று ஆறுக்குட்டி நினைத்துக்கொண்டார். இப்போது ஷெட்டுக்குள் நுழைகையில் அந்தப் பேச்சு உடம்பின் எந்த இடத்தில் தைத்தது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது, நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் கீழே. ராக்கியப்பன் சூட்டு விளக்கின் கீழ் பம்ப்செட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். "ஒட்டுதுங் தோழர். இப்பப் பொட்டில போட்டா பேப்பர் ஒட்டிக்கும்." "காத்துக்குப் பேன் வெய்யி." "வெச்சாச்சுங்." "ரெண்டாவது பேன்?" "அது மயிலாத்தா பிரஸ்ஸு கிட்ட இருக்குதுங். ஆரு போயி எடுக்கறது? நீங்களே போங்களேன், நீங்க சொன்னாத்தான் எல்லாம் நகருது." சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொன்னால் நகரும். அது உண்மை, அதுதான் தொந்தரவு. எழுபத்தொன்பதில் மெஷின் ஷாப்பின் நடுவில் நின்று "வாங்கப்பா போலாம்" என்று ஒரு தடவை சொன்னார், ஆலை முழுக்க நூற்றறுபது மெஷின் நின்றது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் குரலை அவர் எங்கும் பயிலவில்லை. ஒண்டிப்புதூர் அச்சகத்தில் நோட்டீஸ் மை காய்வதற்குள் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, கூட்டத்தில் அதையே மூச்சு விடாமல் சொல்லிச் சொல்லி வந்த குரல். வெளியே தள்ளிய ஏழு வருஷத்தில் அந்தக் குரலுக்கு வேலையே இல்லை; டீக்கடையில் கூடச் சத்தமாகப் பேசாமல் இருந்தார். திரும்பி வந்த முதல் வாரம், பேக்கிங்கில் ஒரு லாட் தேங்கி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, அவரை அறியாமல் அதே குரல் வந்தது. "வாங்கப்பா, தூக்குங்க." தூக்கினார்கள். இருபது நிமிஷத்தில் லாரி கிளம்பியது. அன்று மேனேஜர் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தைச் சாயங்காலம் குளிக்கும்போது நன்றாகத் தேய்த்துக் கழுவினார். ஆனால் அதற்கு மறுநாளும் அந்தக் குரலை எடுத்தார். நிறுத்துவதற்கு இருந்த குரல் ஓட்டுவதற்கும் ஆகும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்துதான் இந்த வேலையைக் கொடுத்தார்களா, இல்லை சும்மா அவமானப்படுத்தக் கொடுத்தது இப்படிப் பலித்துவிட்டதா? இந்தக் கேள்வியை ஒன்பது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறார். மெல்லுவதில் ஒரு ருசிகூட வந்துவிட்டது. இன்னும் பதினோரு மாதம், ஓய்வு. பதினோரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று ஒரு குரல் சொல்கிறது. அதுவும் அவருடைய குரல்தான்.

பேனை எடுக்கப் பிரஸ் ஷாப்புக்குள் போனார். பத்தொன்பது நாளாகச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தவர் இன்று நேர்வழியில் போக வேண்டியதாயிற்று. நான்காம் நம்பர் பிரஸ்ஸின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். தகட்டை ஒரே அடியில் வெட்டித் தருகிற மெஷின். இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் மேல்தலை இறங்கும், ஆகவே கை அச்சுக்குள் இருக்க வழியில்லை. பொத்தான் கெட்டுப்போனால் சாவி போட்டுக் கால் மிதிக்கு மாற்றலாம். அப்போது கால் மிதித்தால் போதும், கை எங்கே இருக்கிறது என்று மெஷின் கேட்காது. அந்தச் சாவி சூப்பர்வைசர் மேஜைக்குள் பூட்டியிருக்க வேண்டும். தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், இப்போதும் தொங்குகிறது. எண்ணெய் வாசனைக்குள் பினாயில் வாசனை. ஆறுக்குட்டியின் வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஊறல் எடுத்தது. விபத்து நடந்த நாளிலிருந்து அந்த இரண்டு விரலில்தான், வேறெங்கும் இல்லை. வேட்டி மடிப்பில் தேய்த்தாலும் போகாது. சரி, வரிசைப்படுத்துவோம், என்றார் தனக்குள், நூறாவது முறையாக. ஒன்று: பன்னிரண்டு ட்ரே தகடு வேண்டும், பதினொன்று முடிந்துவிட்டது, பன்னிரண்டாவது பாதி நிரம்பியிருக்கிறது. இரண்டு: மயிலாத்தாள், "அண்ணா, பொத்தான் மக்கர் பண்ணுதுங். மெயிண்டனன்ஸ்க்குச் சொல்லீருக்குது. வர்றவரைக்கும் நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டாள். மூன்று: செல்போன் அடித்தது, ஞானசேகர் "தாட்டுங்க, தாட்டுங்க, தாட்டி உடுங்க" என்றார். நான்கு: மஞ்சள் சீட்டை எடுத்து அதில் 'தாட்டு' என்று எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். இல்லை. செல்போன் முதலில் அடித்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள். அவள் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. இல்லை, முழுசும் விழுந்தது, இல்லாவிட்டால் 'மெயிண்டனன்ஸ்' என்ற சொல் இப்போது எப்படி ஞாபகம் இருக்கும்? அப்படியென்றால் ஒன்று செல்போன், இரண்டு அவள். அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டாளா? எழுதிய பிறகு கேட்டிருந்தால் அந்தச் சொல் அவளுக்குப் பதில் அல்ல. முன்பு கேட்டிருந்தால் பதில். எது முன், எது பின்? வாழ்நாளெல்லாம் வரிசை பிசகாமல் எண் போட்டவருக்கு நாலே நாலு சங்கதி வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது.

தாட்டு என்றால் இந்தப் பக்கத்தில் அனுப்பு என்று அர்த்தம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தாட்டுவார்கள், விருந்தாளியைப் பஸ் ஏற்றித் தாட்டி விடுவார்கள். கம்பெனிக்குள் அந்தச் சொல்லுக்கு இரண்டு கால் முளைத்திருந்தது. ட்ரேயில் எழுதிக் கட்டினால், இருப்பது போதும், அப்படியே அடுத்த பகுதிக்கு அனுப்பு. ஓடுகிற மெஷினில் நிற்பவரிடம் சொன்னால், நிறுத்தாதே, எப்படியாவது ஓட்டி முடி. அவர் சீட்டைக் கட்டவில்லை. கையில் கொடுத்தார். பாதி ட்ரேயைத்தானே அனுப்பச் சொன்னேன், என்று தன்னிடமே வாதாடினார். பதினொன்றரை ட்ரேயோடு போகட்டும் என்றுதானே எழுதினேன், இவள் ஏன் ஓட்டினாள்? வாதம் நன்றாகத்தான் இருந்தது, ஞானசேகர் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அன்று காலை கம்பி சுற்றுகிற வைண்டிங்கில் நின்றுகொண்டு "பன்னெண்டு ட்ரேல ஒரு தகடு கொறஞ்சாலும் ஏத்த மாட்டேன்" என்று கத்தியது யார்? பதினொன்றரை போதும் என்று நினைக்கிற ஆளா அப்படிக் கத்துவான்? வாதம் அங்கேயே மூக்குடைந்து விழும், பிறகு இன்னொரு பக்கமாக எழுந்து வரும். பேன் கனத்தது. தூக்கிக்கொண்டு வெளியே வந்து பெயிண்ட் ஷெட்டில் வைத்து ஓட விட்டார். காற்று பட்டதும் பச்சைப் பெயிண்ட்டின் மேல் மெல்லிய தோல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எண்பத்தெட்டில் வந்த நீக்க உத்தரவின் ஒவ்வொரு சொல்லையும் சிவப்பு மையில் கோடிட்டு, இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்திருக்கிறான், அகப்பட்டால் அது, அகப்படாவிட்டால் இது என்று வக்கீலுக்கே விளக்கியவர் அவர். இரண்டு அர்த்தம் உள்ள சொல்லை மேலே இருப்பவன்தான் எழுதுவான், கீழே இருப்பவன்தான் அதற்குப் பலியாவான் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார். கைதட்டினார்கள். அன்று பிரஸ் முன்னால் அந்தச் சொல்லை எழுதும்போது அதற்கு இரண்டு அர்த்தம் இருப்பது தெரியாதா? தெரியும். அதனால்தானே எழுதினார்? ஓட்டு என்று எழுதியிருக்கலாம். நிறுத்து என்று எழுதியிருக்கலாம். இரண்டுக்கும் அவர் பொறுப்பாகியிருப்பார்.

இரண்டேகாலுக்கு முதல் இருபது பெட்டி நகர்ந்தது. தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்தார். டொக் என்று ஒரு சத்தம் கேட்டுத் திடுக்கிட்டார். பெட்டி பலகையில் இடித்தது. அன்று அந்தச் சத்தம் கேட்டபோது அவர் பேக்கிங்கில் இருந்தார். ஆறு பிரஸ் ஓடுகிற இடத்தில் ஒரு அடி மட்டும் தனியாகக் கேட்காது என்பார்கள். கேட்டது. பிறகு இன்னொரு அடியும் கேட்டது, காலை மிதியிலிருந்து எடுக்காததால். ஓடிப்போனபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பன்னிரண்டாவது ட்ரேயின் விளிம்பில் அந்தச் சீட்டு செருகியிருந்தது. மஞ்சளில் ஒரு மூலை மட்டும் சிவந்திருந்தது. எடுத்தார். யாரும் பார்க்கவில்லை. ஏன் எடுத்தார்? பத்திரப்படுத்தத்தான் எடுத்தார், சாட்சியமாயிற்றே, சாட்சியத்தை விடக் கூடாது என்பது சங்கத்துப் பாலபாடம். அப்படித்தான் கேன்டீன் வரைக்கும் நினைத்துக்கொண்டு போனார். கேன்டீனில் யாரும் இல்லை, எல்லாரும் ஆம்புலன்ஸ் பக்கம் ஓடியிருந்தார்கள். பெரிய அடுப்பில் டீ கொதித்து வழிந்துகொண்டிருந்தது. தணிக்கத்தான் குனிந்தார். கை அதுவாக நீண்டது. சீட்டு ஒரு நொடி சுருண்டு, எழுத்து கறுப்பாக எழும்பி நின்று, பிறகு இல்லை. அதைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை, ஞானசேகரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஞானசேகருக்குத் தெரியும் என்று தோன்றியது. "சீட்டுன்னு ஒண்ணு கெடைக்கல பாருங்க, அதனால அவ சொல்றது நிக்காது" என்று போன வாரம் சொல்லும்போது மேஜை மேலிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களும் குடுத்த ஞாபகம் இல்லைன்னு சொல்லீருங்க. இல்ல, குடுத்தாலும் ட்ரேயை அனுப்பறதுக்குத்தான்னு சொல்லீருங்க. ரெண்டுல எது சௌகரியமோ." சௌகரியம். அடுத்த பதினோரு மாதமும் சௌகரியம். இல்லாவிட்டால் அவளை நீக்குகிற அதே காகிதத்தில் அவர் பெயரையும் சேர்த்து அடிப்பார்கள். இந்த முறை கோர்ட்டும் காப்பாற்றாது, ஏழு வருஷம் இழுத்தால் அறுபத்து நாலு வயது.

இரண்டரை. கடைசி இருபது பெட்டி பேக்கிங்கில். டிரைவர் கன்டெய்னர் கதவில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். "ஏத்தி முடிச்சா கேட் பாஸ்ல கையெழுத்து நீங்கதானுங்களா?" "நான்தான்." "மேல விசாரணைன்னாங்க. போயிட்டா ஆரு போடறது?" "வந்து போடறேன்." "சீக்கிரம் வந்துருங் அண்ணாச்சி, கோவில்பட்டி தாண்டித்தான் எனக்குச் சோறு." ஆறுக்குட்டி மாடிப்படி ஏறினார். ஏறும்போது என்ன சொல்வது என்று இரண்டு வாக்கியம் தயார் செய்தார், இரண்டும் பொய்யில்லை, இரண்டும் உண்மையில்லை. படிக்கட்டின் மேல் பெஞ்சில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சங்கச் செயலாளர் வெள்ளிங்கிரி, விசாரணையில் அவளுக்குத் துணையாகப் பேச வந்தவர், காகிதங்களைப் புரட்டிக்கொண்டு ஆறுக்குட்டியைப் பார்க்காதது போல் பார்த்தார். அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். எழுந்து நின்றாள். "உக்காரு, உக்காரு" என்றார். "சாப்புட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் தயாராக இல்லை. ஆச்சு என்று தலையை ஆட்டினார். "கை?" "பரவால்லீங். ராத்திரிக்குத்தான் இல்லாத வெரலு கெடந்து ஊறுது. சொறிய முடியாதல்லங்க, அதுதான் ரோதனை." அவருடைய விரல்கள் இரண்டும் சட்டைப் பைக்குள் ஒடுங்கின. கீழே கன்டெய்னர் என்ஜின் உறுமியது. அவள் தாழ்ந்த குரலில், வெள்ளிங்கிரிக்குக் கேட்காதபடி சொன்னாள்: "ஏனுங்ணா, நானுந்தான் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். நீங்க ட்ரேயை அனுப்பச் சொல்லித்தான் எழுதீருப்பீங்க. நான்தான் ஓட்டச் சொல்றீங்கன்னு படிச்சுட்டனாட்ட இருக்குது. எட்டாவதுகூடத் தாண்டாத கழுதை நானு. உங்களுக்கு என்னால சங்கடம்." இவளுக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞானசேகர் இவளிடம் பேசியிருக்க மாட்டார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, அவரைத் தப்புவிப்பதற்கு இவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள், அவர் தன்னைத் தப்புவிக்கக் கண்டுபிடித்த அதே வாதத்தை. எட்டாவதுகூடத் தாண்டாத. அவரும் தாண்டவில்லை. "நீ சரியாத்தான் படிச்சே" என்று சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள்.

அறையில் ஏசி குளிர் முகத்தில் அடித்தது. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து வந்திருந்த வக்கீல், ஞானசேகர், டைப் அடிக்கிற பிரேமா, இந்தப் பக்கம் வெள்ளிங்கிரியும் மயிலாத்தாளும். வக்கீல் சுமுகமான ஆள். "உக்காருங்க. நீங்க இந்த மாதிரி விசாரணை எத்தனையோ பாத்திருப்பீங்க, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார். பார்த்திருக்கிறார், அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து. இந்த நாற்காலி கொஞ்சம் மெத்தென்று இருந்தது. சம்பவத்தன்று எத்தனை மணிக்குப் பிரஸ் ஷாப்புக்குப் போனார் என்று கேட்டார்கள், சொன்னார். சீட்டு கொடுத்தாரா? மேஜை மேல் வைத்திருந்த செல்போன் நடுங்கி நகர்ந்தது, டிஸ்பாட்ச். கடைசி இருபது பெட்டி ஏறிவிட்டது என்று அர்த்தம், கேட் பாஸ் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கை அதை நோக்கிப் போனது, ஒன்பது வருஷத்துப் பழக்கம். நிறுத்திக்கொண்டார். "குடுத்தேன்" என்றார். ஞானசேகர் நிமிர்ந்தார். வக்கீல் முகம் மாறாமல் பிரேமாவிடம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார், அவள் விரல்கள் ஓடின: "மேற்படி தினத்தன்று சீட்டு ஒன்று வழங்கப்பட்டதாகவும், அதில் தாட்டு என்று எழுதப்பட்டிருந்ததாகவும், அது ட்ரேயை அனுப்பும் பொருளில் பயன்படுத்தப்பட்டதாகவும், பின்னர் அச்சீட்டு கண்டெடுக்கப்படவில்லை எனவும்..." வழங்கப்பட்டது. எழுதப்பட்டது. பயன்படுத்தப்பட்டது. கண்டெடுக்கப்படவில்லை. ஒவ்வொரு 'பட்ட'தும் அவர் காதில் டொக் டொக்கென்று இறங்கியது. நான்கு காரியம் நடந்திருக்கிறது, செய்த ஆள் ஒருத்தன்கூட இல்லை. கக்கூஸ் டோக்கன் வழங்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது, தொழிலாளி நீக்கப்பட்டார். இந்தத் தமிழைத்தான் அவர் நாற்பது நோட்டீசில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார், 'யாரால்?' என்று தலைப்புப் போட்டு. செல்போன் மறுபடி நடுங்கியது. "எடுத்துப் பேசிடுங்களேன், கன்டெய்னர் நிக்குது" என்றார் ஞானசேகர். அந்தக் குரலில் முதல்முறையாக ஒரு கெஞ்சல் இருந்தது. "நிக்கட்டுங்" என்றார் ஆறுக்குட்டி.

அப்படிச் சொன்னபோது வீரமாக ஒன்றும் தோன்றவில்லை, அவளுக்காகச் செய்கிறேன் என்றும் தோன்றவில்லை. இதற்குப் பெயர் தியாகம் என்று எவனாவது நோட்டீஸ் போட்டால் அவனை உதைக்க வேண்டும் என்று தோன்றியது. எரித்தவனுக்கு ஏது தியாகம்? "வக்கீல் சார்," என்றார், "நான் சொன்னத நீங்க திருத்தி எழுதறீங்க. வழங்கப்பட்டது இல்லீங், குடுத்தேன். எழுதப்பட்டது இல்லீங், எழுதுனேன். பொத்தான் கெட்டுப்போச்சு, நிறுத்தட்டுமான்னு இந்தப் புள்ள கேட்டுது. கேட்டது என் காதுல உழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் எழுதுனேன்." வரிசை வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் இனி மாறாது. "ஓட்டுன்னுதான் அதுக்கு அர்த்தம். அந்தச் சீட்டக் கேன்டீன் அடுப்புல போட்டதும் நான்தான்." மயிலாத்தாள் "அண்ணா" என்றாள். வெள்ளிங்கிரியின் கையிலிருந்த காகிதங்கள் மடியில் சரிந்தன. ஞானசேகர் எழுந்தே விட்டார். "என்னுங்க இது, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? சார், இத எழுத வேண்டாம்." வக்கீல் பேனாவின் பின்முனையால் நெற்றியைத் தட்டினார். "சாட்சி சொன்னத எழுதாம விட முடியாதுங்களே. எழுதிக் கையெழுத்து வாங்கறதுக்கு முந்தி வாசிச்சுக் காட்டணும், எல்லாரும் கேட்டோம்னு கையெழுத்துப் போடணும், அதுதான் மொறை. யோசிச்சுச் சொல்லுங்க, ஆறுக்குட்டி. இதுல உங்க வேலையும் இருக்குது." "யோசிக்கறதுக்குப் பத்தொம்பது நாளு இருந்துச்சுங்" என்றார். பிரேமா பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் போட்டாள். அவர் சொன்னார், அவள் அடித்தாள். ஒரு இடத்திலும் 'பட்டது' வராமல் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் டிரைவர் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தான், அது ஓயும்வரை நின்றாள். பிறகு, சின்னப் பெண், மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கேட்க வாசித்தாள்: "பொத்தான் பழுது என்று தெரிந்தும் பிரஸ்ஸை ஓட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவர், பின்பு அந்தச் சீட்டை எரித்தவர், சிங்காநல்லூர் காளியப்பன் மகன் ஆறுக்குட்டி."